நடுக்கடல்ல நாலு தடவ கட்டின லைட்ஹவுஸ்: எட்டிஸ்டோன் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

போன வருஷம் எங்க தெருப் பசங்க பத்துப் பதினஞ்சு பேரை புதுச்சேரி பீச் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய், காந்தி சிலை பக்கத்துல நிக்குற பழைய லைட்ஹவுஸைக் காட்டினேன். அங்கயே உக்காந்து இங்கிலாந்துல இருக்குற எட்டிஸ்டோன் லைட்ஹவுஸ் கதையையும் சொன்னேன். அன்னைலேருந்து பசங்க கேக்குறாங்க, அவங்க அப்பா அம்மா கேக்குறாங்க, ஃபைபர் போட்ல கடலுக்குப் போற எங்க சித்தப்பா கேக்குறாரு, அவரு கூட போறவங்களும் கேக்குறாங்க. வாட்ஸப்ல ஒவ்வொருத்தருக்கா டைப் பண்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடறேன்.

கேள்வி: எட்டிஸ்டோன்ங்கிறது என்ன, எங்க இருக்கு?

இங்கிலாந்தோட தென்மேற்கு மூலைல பிளிமத்னு ஒரு துறைமுக ஊர். அதுக்குத் தெற்க, கார்ன்வால் கரையில இருக்குற ரேம் ஹெட் முனைலேருந்து சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி நட்டநடுக் கடல்ல ஒரு பாறைக் கூட்டம் இருக்கு, அதோட பேர்தான் எட்டிஸ்டோன். கடல் ஏத்தம் வந்தா பெரும்பாலும் முழுகிடும், தண்ணி வடியுற வத்தத்துல மட்டும் முதுகைக் காட்டும். நம்ம மீனவங்க "பாரு"ன்னு சொல்வாங்களே அந்த மாதிரி, ஆனா மீன் பிடிக்குற பாரு இல்ல, கப்பலை உடைக்குற பாரு. பிளிமத் உள்ள போற கப்பலும் இங்கிலீஷ் சேனல்ல போற கப்பலும் இதுக்குப் பக்கமாத்தான் போயாகணும், அதனாலதான் எத்தனையோ கப்பல் இதுல மோதிச் செதறிருக்கு.

கேள்வி: நம்ம ஊர்லயே லைட்ஹவுஸ் இருக்கே, எதுக்கு வெளிநாட்டுக் கதை?

நம்ம ஊரு லைட்ஹவுஸ் கரைல, தரைல நிக்குது. எட்டிஸ்டோன்ல முதன்முதலா கட்டினதுதான் திறந்த கடலுக்கு நடுவுல, சுத்திக் கரையே இல்லாத பாறை மேல எழுந்த லைட்ஹவுஸ். அதுக்கு முன்னாடி அந்த மாதிரி எடத்துல யாரும் முயற்சி பண்ணவே இல்ல. இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம்: இது ஒரு தடவ காத்துல போச்சு, ஒரு தடவ நெருப்புல போச்சு, ஒரு தடவ கால் வச்சிருந்த பாறையே அரிச்சுப் போச்சு, ஆனா ஒவ்வொரு தடவயும் அடுத்து வந்தவரு முந்தினது ஏன் போச்சுன்னு உக்காந்து யோசிச்சுட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சாரு. 1952 புயல்ல போன, கடலுக்குள்ள நீட்டியிருந்த பழைய பாலத்தையும், 2022 மார்ச்ல அலைல பாதி இடிஞ்சு விழுந்த இப்பத்திய பாலத்தையும் பாத்த புதுச்சேரிக்காரங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பக்கத்துல இருக்கும்னு நான் நெனைக்கிறேன்.

கேள்வி: மொத்தம் எத்தனை தடவ கட்டினாங்க?

நாலு. 1698, 1709, 1759, 1882. முதல் கோபுரத்தை மறுவருஷமே பெருசாக்கிக் கட்டினதால சிலர் அஞ்சுன்னு எண்ணுவாங்க, அதுவும் தப்பில்ல.

கேள்வி: முதல்ல கட்டினவரு இன்ஜினியரா?

இல்ல. ஹென்றி வின்ஸ்டன்லின்னு ஒருத்தர், செதுக்கு ஓவியம் போடுறவரு. லண்டன்ல காசு வாங்கிட்டுத் தண்ணி வித்தை காட்டுற ஷோ நடத்தினவரு, சொந்த ஊர்ல வீடு முழுக்க விசித்திரமான பொறிகளைச் செஞ்சு வச்சு ஜனங்களுக்குக் காட்டினவரு. கப்பல்லயும் பணம் போட்டிருந்தாரு, அதுல ரெண்டு கப்பல் எட்டிஸ்டோன்ல மோதிப் போயிடுச்சு, அந்தக் கோவத்துலதான் நானே அங்க ஒரு விளக்கு வைக்கிறேன்னு கெளம்பினாரு. 1696ல வேலை ஆரம்பம், 1698 நவம்பர் 14ந்தேதி விளக்கு ஏத்தினாங்க. முதல் வருஷக் குளிர்காலத்துலயே அலை விளக்குக்கு மேல ஏறி அடிக்குதுன்னு தெரிஞ்சதும் 1699ல அதைச் சுத்தி இன்னும் பெருசா, உயரமா கட்டினாரு.

கேள்வி: அவரைப் பிரெஞ்சுக்காரங்க தூக்கிட்டுப் போனாங்களாமே, நிஜமா?

நிஜம். 1697ல, வேலை நடக்குறப்பவே, ஒரு பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல் வந்து அவரைப் பிடிச்சுட்டு, கட்டினதையும் நாசம் பண்ணிட்டுப் போச்சு. விஷயம் ராஜா பதினாலாம் லூயிக்குத் தெரிஞ்சதும், எனக்கு இங்கிலாந்தோடதான் சண்டை, மனுஷ குலத்தோட இல்லன்னு சொல்லி அவரை விடச் சொன்னாருன்னு சொல்வாங்க. அந்த விளக்கு பிரெஞ்சுக் கப்பலுக்கும் வழி காட்டுமில்லையா.

இந்த எடத்துல நம்ம ஊரு கதையும் வந்து சேருது, அதைச் சொல்லாம என்னால தாண்ட முடியாது. அதே சண்டைலதான் 1693ல இங்கிலாந்து பக்கம் நின்ன டச்சுக்காரங்க புதுச்சேரியப் பிரெஞ்சுக்காரங்ககிட்டேருந்து பிடுங்கினாங்க, அப்ப இங்க பிரெஞ்சுக்காரங்களுக்குத் தலைவரா இருந்த பிரான்சுவா மார்த்தேன் கோட்டைய விட்டுட்டுப் போக வேண்டியதாச்சு. வின்ஸ்டன்லி பிடிபட்ட அதே 1697ல ரைஸ்விக் ஒப்பந்தம் போட்டாங்க, அதுலதான் புதுச்சேரி திரும்பப் பிரான்ஸ் கைக்கு வரணும்னு முடிவாச்சு. ஒரே சண்டை, ஒரு பக்கம் நம்ம ஊரு, இன்னொரு பக்கம் அந்தப் பாறை.

கேள்வி: அந்தக் கோபுரம் என்னாச்சு?

1703 நவம்பர் 26 ராத்திரி, அவங்க பழைய காலண்டர்ப்படி. இங்கிலாந்து வரலாத்துலயே பெரிய புயல்கள்ல அது ஒண்ணு, கடற்படை ஆளுங்களே ஆயிரத்துக்கு மேல செத்தாங்க. எவ்வளவு பெரிய புயல் வந்தாலும் நான் என் கோபுரத்துக்குள்ள இருக்கணும்னு வின்ஸ்டன்லி முன்னாடியெல்லாம் சொல்லிட்டு இருப்பாராம். அன்னைக்கு ஏதோ ரிப்பேர் வேலைன்னு உள்ளதான் இருந்தாரு. விடிஞ்சு பாத்தா கோபுரமும் இல்ல, அவரும் இல்ல, கூட இருந்தவங்களும் இல்ல, பாறைல முறுக்கின இரும்புத் துண்டுங்கதான் கெடந்துது.

2011 டிசம்பர் 30ந்தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறினப்ப எங்க வீட்டு ஓடெல்லாம் பறந்து போச்சு, நாங்க கட்டிலுக்குக் கீழ உக்காந்திருந்தோம். தரைல, நாலு சுவத்துக்குள்ள இருந்தப்பவே அந்தச் சத்தம் அப்படி இருந்துச்சு. நடுக்கடல்ல மரக் கோபுரத்துக்குள்ள இருந்தவங்களை நெனச்சா எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்குது. அந்த விளக்கு எரிஞ்ச அஞ்சு வருஷத்துல ஒரு கப்பலும் அந்தப் பாறைல மோதல, அது போன ரெண்டு நாள்லயே ஒரு கப்பல் மோதி உடைஞ்சுது. வின்ஸ்டன்லிய ஆர்வக்கோளாறுன்னு எழுதுறவங்களுக்கு இந்த ஒரு விஷயமே பதில்.

கேள்வி: ரெண்டாவதா மரத்துலயே கட்டினது முட்டாள்தனம் இல்லயா?

நிச்சயமா இல்ல. ஜான் ருட்யர்ட்னு ஒருத்தர், லண்டன்ல பட்டு வியாபாரி. வின்ஸ்டன்லி கோபுரம் பல பட்டையா, வெளிய நீட்டிக்கிட்டிருக்குற அலங்காரமெல்லாம் வச்சுக் கட்டினது, காத்து பிடிச்சுக்க நெறைய எடம் இருந்துச்சு. ருட்யர்ட் அதையெல்லாம் விட்டுட்டு வழுவழுன்னு கூம்பு மாதிரி, உள்ள கல்லும் வெளிய மரமுமா, கப்பல் கட்டுற வேலைக்காரங்களை வச்சுக் கட்டினாரு, வெயிட்டுக்காக அடில கல்லை நெரப்பினாரு. 1709ல முடிஞ்சது. 46 வருஷம் நின்னுச்சு. காத்தும் அலையும் அதை ஒண்ணும் பண்ணல, மேல எரிஞ்ச மெழுகுவத்திதான் அதுக்கு எமனாச்சு: 1755 டிசம்பர் 2ந்தேதி விளக்கு அறைல தீப்பிடிச்சு மேலேருந்து கீழ வரைக்கும் எரிஞ்சு போச்சு.

கேள்வி: காவல்காரர் ஈயத்தை முழுங்கினாருன்னு பசங்க சொல்றாங்க, இதெல்லாம் கதைதானே?

கதை இல்ல. ஹென்றி ஹால்னு பேரு, வயசு 94ன்னு சொல்றாங்க. தீயை அணைக்க வாளில தண்ணிய மேல வீசிட்டு அண்ணாந்து பாத்துருக்காரு, கூரைலேருந்து உருகின ஈயம் வாயில விழுந்து தொண்டைக்குள்ள எறங்கிடுச்சு. கரைக்குக் கொண்டு வந்தப்புறம் வயித்துக்குள்ள ஈயம் இருக்குன்னு அவரு சொன்னதை டாக்டரே நம்பல. பன்னெண்டு நாள் கழிச்சு இறந்தாரு, வயித்தைத் திறந்து பாத்தா சுமார் 200 கிராம் ஈயக் கட்டி. டாக்டர் லண்டன்ல இருக்குற விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதினாரு, அங்கயும் நம்ப மாட்டேன்னாங்க. அந்த ஈயத் துண்டு இப்ப எடின்பரோ மியூசியத்துல இருக்கு. அந்த வயசுல தனி ஆளா மேல நின்னு வாளி வாளியா ஊத்தினாரே, பசங்ககிட்ட நான் அதைத்தான் சொன்னேன், ஆனா அவங்களுக்கு ஈயம்தான் ஞாபகம் இருக்கு.

கேள்வி: மூணாவது கோபுரத்தை ஏன் இவ்ளோ பெருசா பேசுறாங்க?

ஏன்னா அதுதான் இன்னைக்கு உலகத்துல கடல்ல நிக்குற கல் லைட்ஹவுஸ் எல்லாத்துக்கும் தாய். ஜான் ஸ்மீட்டன், தன்னை சிவில் இன்ஜினியர்னு சொல்லிக்கிட்ட முதல் ஆள்னு அவரைச் சொல்வாங்க. ஓக் மரத்தோட அடிமரத்தை மனசுல வச்சுக்கிட்டு, அடில அகலமா வளைஞ்சு ஏறி மேல சிறுத்துப் போற மாதிரி போட்டாரு. அடில சுமார் 8 மீட்டர் அகலம், உச்சில 5 மீட்டர் சொச்சம். வெயிட்டு கீழ இருந்தா சாயாது, நம்ம பனைமரத்தைப் பாத்தவங்களுக்குப் புரியும், ஆனா பனை வளையும், கல்லு வளையாது, அதனால கல்லைக் கல்லோட கோக்கணும்.

தச்சருங்க டிராயர் மூலைல போடுற, புறா வால் மாதிரி விரிஞ்ச டவ்டெயில் மூட்டு தெரியுமில்ல? ஒவ்வொரு கல்லையும் அப்படி வெட்டி, பக்கத்துக் கல்லுக்குள்ள மாட்டி, ஒரு வரிசைக்கும் மேல் வரிசைக்கும் நடுவுல வழுக்காம இருக்க மார்பிள் கட்டையைச் சொருகினாரு. அடிப்பாறையையும் படிக்கட்டு மாதிரி செதுக்கி முதல் வரிசைக் கல்லை அதுக்குள்ளயே கோத்துட்டாரு, பாறையும் கோபுரமும் ஒரே கல் மாதிரி ஆயிடுச்சு. வெளிய கிரானைட், உள்ள போர்ட்லண்ட் கல்லு, மொத்தம் 1493 கல்லு. பிளிமத்ல மில்பேங்கிற எடத்துல பட்டறை போட்டு, ஒவ்வொரு வரிசையையும் தரைல அடுக்கிப் பாத்துட்டுத்தான் படகுல ஏத்தினாங்க. கடல்ல போயி ஒரு கல்லு பொருந்தலைன்னா அன்னைக்கு வத்தம் வீணாப் போயிடும், வேலை நடக்குறதே வெயில் மாசத்துல கெடைக்குற சில மணி நேரம்தான்.

வேலைக்காரங்களைப் பத்தி யாரும் கேக்கல, நானே சொல்லிடறேன். அப்ப இங்கிலாந்துல கடற்படைக்கு ஆள் வேணும்னா வழில போறவங்களையே பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. ஸ்மீட்டன் அதிகாரிகள்கிட்ட பேசி, தன் ஆளுங்களைத் தொடக் கூடாதுன்னு வாங்கி, ஒவ்வொருத்தருக்கும் அடையாளமா ஒரு பதக்கம் குடுத்தாரு. கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கத்துல பாறை உடைச்சவங்களும் அதுல இருந்தாங்க. 1757 ஜூன் 12 முதல் கல்லு, 1759 அக்டோபர் 16 விளக்கு. அவ்வளவு பெரிய வேலைக்கு மேல எரிஞ்சது வெறும் 24 மெழுகுவத்தி.

கேள்வி: தண்ணிக்குள்ள சுண்ணாம்பு எப்படிக் காஞ்சுது? சிமென்ட் இல்லயே அப்ப?

எங்க தாத்தா கொத்தனார், இந்தக் கேள்விக்காகவே நான் இந்தக் கதைக்குள்ள வந்தேன். சாதாரண சுத்தமான சுண்ணாம்பு காத்துல இருக்குற கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், தண்ணிக்குள்ள போட்டா கரைஞ்சுக்கிட்டே இருக்கும். ஸ்மீட்டன் ஊர் ஊரா சுண்ணாம்புக்கல் வரவழைச்சு, சுட்டு, நீத்தி, ரெண்டு அங்குல உருண்டையாப் பிடிச்சுத் தண்ணில போட்டுப் பாத்தாரு. எல்லாரும் வெள்ளை வெளேர்னு இருக்குற கெட்டிக் கல்லுதான் நல்ல சுண்ணாம்பு தரும்னு நம்பிட்டு இருந்தாங்க. இவரு கல்லை ஆசிட்ல கரைச்சு அடில என்ன தங்குதுன்னு பாத்து, களிமண் கலந்த அழுக்குக் கல்லுதான் தண்ணிக்குள்ள இறுகுதுன்னு கண்டுபிடிச்சாரு. வேல்ஸ்ல அபர்தாங்கிற ஊரோட நீலச் சுண்ணாம்புக்கல், அதோட சரிக்குச் சரி இத்தாலிலேருந்து வந்த பொசலானாங்கிற எரிமலைச் சாம்பல் மண்ணு. அந்த ஆராய்ச்சி வழியா நடந்து வந்தவங்கதான் 1824ல போர்ட்லண்ட் சிமென்ட் பேடண்ட் வரைக்கும் போனாங்க, இன்னைக்கு நம்ம தெருவுல கொட்டிக் கெடக்குற மூட்டைக்கு மூலம் அங்க இருக்கு.

நம்ம ஊர்ல எரிமலை மண்ணு கெடையாது, ஆனா சுர்க்கி இருந்துச்சு. சுட்ட செங்கலை இடிச்சு மாவாக்கிச் சுண்ணாம்போட சேப்பாங்க. சுட்ட களிமண்ணு பொசலானா பண்ற வேலையத்தான் பண்ணும், ஈரத்துலயும் இறுகும். கடுக்காய்த் தண்ணி, வெல்லம் எல்லாம் தனி. தாத்தா கலவையை நாள்கணக்குல ஊற வச்சு ஆட்டச் சொல்லுவாரு, அவசரப்பட்டா கடக்காத்து தின்னுடும்னு சொல்லுவாரு. ஸ்மீட்டன் எழுதி வச்சதைப் படிச்சப்ப எனக்கு அவரு பேசுற மாதிரியே கேட்டுச்சு. ஒயிட் டவுன்லயும் தமிழர் பகுதிலயும் பழைய வீட்டுக்குச் சிமென்ட் பூசுறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க, செங்கல் உள்ள இழுத்த ஈரம் வெளிய வர வழியில்லாம சுவரு உள்ளயே உளுத்துப் போகுது.

கேள்வி: அவ்ளோ ஸ்ட்ராங்குன்னா ஏன் கழட்டினாங்க?

கோபுரத்துல ஒரு குறையும் இல்ல. 120 வருஷத்துக்கு மேல நின்னுச்சு. 1877 வாக்குல பெரிய அலை அடிச்சா ஆடுதுன்னு தெரிஞ்சுது, போய்ப் பாத்தா அது உக்காந்திருக்குற பாறைய கடல் அடில குடைஞ்சுட்டு இருக்கு. கட்டினது உறுதியா நிக்குது, அதைத் தாங்குறது போகுது.

இதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு நம்ம கடற்கரைதான் ஞாபகம் வரும். 1980கள் கடைசில தெற்க துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள கல் சுவர் நீட்டினாங்க, நம்ம கரைல மணல் வருஷத்துல பெரும்பகுதி தெற்கேருந்து வடக்க நகரும், அது அங்கயே தடுத்து நின்னுடுச்சு, பீச் ரோட்டுக்கு முன்னாடி இருந்த மணல் காணாமப் போச்சு. கல்லைக் கொட்டிக் கொட்டி ரோட்டைக் காப்பாத்தினோம், அரிப்பு வடக்குப் பக்கம் குப்பங்களுக்குப் போச்சு. 2018ல தலைமைச் செயலகம் எதிர்ல தண்ணிக்குள்ள ஒரு திட்டு போட்டப்புறம்தான் கொஞ்சம் மணல் திரும்பி வந்துச்சு. மேல என்ன கட்டுறோம்ங்கிறதை விடக் கீழ என்ன நடக்குதுன்னு பாக்கணும்னு நான் சொல்றது இதனாலதான்.

கேள்வி: ஒரு போட்டோல புது லைட்ஹவுஸ் பக்கத்துல ஒரு கட்டை மாதிரி நிக்குதே, அது என்ன?

ஸ்மீட்டன் கோபுரத்தோட அடிப்பகுதி. மேல் பகுதிய ஒவ்வொரு கல்லாக் கழட்டினாங்க, அடில கோத்திருந்ததை விட்டுட்டாங்க, அது இன்னும் அங்கயேதான் இருக்கு. கழட்டினதை பிளிமத் ஜனங்க காசு வசூல் பண்ணி, ஊர்ல ஹோங்கிற கடலோர மேட்டுல திரும்ப நிறுத்தினாங்க, 1884 செப்டம்பர்ல திறந்தாங்க. 2014 மழைல இடிஞ்ச நம்ம மேரி (பழைய நகராட்சி ஆபீஸ்) கட்டடத்தையும் பழைய தோற்றத்துலயே எழுப்பிட்டோம், ஆனா அது புதுக் கட்டடம். அங்க நிக்கிறது அதே கல்லு.

கேள்வி: இப்ப எரியுறது யாரு கட்டினது?

ஜேம்ஸ் டக்ளஸ். பழைய பாறைலேருந்து சுமார் 37 மீட்டர் தள்ளி வேற நல்ல பாறை பாத்தாரு. அந்த எடம் வத்தத்துலயும் தண்ணிக்குள்ள இருக்கும், சுத்தித் தடுப்புச் சுவர் கட்டித் தண்ணிய எறைச்சுட்டு அஸ்திவாரம் போட்டாங்க. ஸ்மீட்டனோட வளைஞ்ச அடிப்பகுதில அலை சறுக்கு மாதிரி ஏறி விளக்கு வரைக்கும் போகும், அதைக் கவனிச்சு இவரு அடில நேர் செங்குத்தா 13 மீட்டர் அகலத்துக்கு ஒரு உருளை மேடை போட்டாரு, அலை அதுல மோதி உடைஞ்சுடும். கல்லு எல்லாப் பக்கமும் கோத்தது, மொத்தம் 4,668 டன் கிரானைட். 1882 மே 18ந்தேதி விளக்கு ஏத்தினாங்க. உயரம் 49 மீட்டர், நம்ம துறைமுகம் பக்கம் இருக்குற புது லைட்ஹவுஸும் கிட்டத்தட்ட அதே உயரம்தான்.

கேள்வி: உள்ள ஆளு இருக்காங்களா?

இல்ல. சரியா நூறு வருஷம் கழிச்சு, 1982 மே 18ல ஆட்டோமேட்டிக் ஆக்கிட்டாங்க. மேல ஹெலிகாப்டர் எறங்குற தளம் இருக்கு, 1999லேருந்து சோலார். பத்து செகண்டுக்கு ரெண்டு தடவ வெள்ளையா மின்னும்.

முன்னாடி ஆளு இருந்தப்ப பட்ட கஷ்டம் ரொம்ப. ருட்யர்ட் கோபுரத்துல முதல்ல ரெண்டு பேர்தான் வேலை. ஒருத்தர் செத்துட்டாரு, கடல்ல போட்டா கொன்னுட்டான்னு பழி வருமோன்னு பயந்து, இன்னொருத்தர் கரைலேருந்து படகு வர்ற வரைக்கும் பிணத்தோடயே இருந்திருக்காரு. அதுக்கப்புறம்தான் மூணு பேர் போட்டாங்க. ஸ்மீட்டனே இதை எழுதி வச்சிருக்காரு.

கேள்வி: நம்ம பழைய லைட்ஹவுஸ் எப்ப கட்டினது?

1836 ஜூலை 1ந்தேதி முதல் விளக்கு, 27 மீட்டர். அது வர்றதுக்கு முன்னாடி இந்தக் கடல் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்னா 1761 ஜனவரி 1ந்தேதிய எடுத்துக்கோங்க: புதுச்சேரிய முற்றுகை போட்டு நின்ன இங்கிலீஷ் போர்க்கப்பலுங்க புயல்ல மாட்டி, பல கப்பல் முழுகியும் கரைதட்டியும் ஆயிரத்துக்கு மேல ஆளுங்க செத்தாங்க. பழைய விளக்கு 1979 வரைக்கும் எரிஞ்சுது, அதுக்கப்புறம் புதுசு. ரெண்டும் நிக்குது, அதுவே நமக்கு ஒரு குடுப்பினை.

கேள்வி (சித்தப்பாவோடது): ஜிபிஎஸ் வந்தாச்சு, இன்னும் எதுக்குடா விளக்கு?

சித்தப்பா, நீங்களே சொன்னீங்க, ரெண்டு வருஷம் முன்னாடி ஐப்பசில மழை இருட்டிக்கிட்டு வந்தப்ப தண்ணி பூந்து ஜிபிஎஸ் மெஷின் அணைஞ்சு போச்சு, ராத்திரி ரெண்டு மணிக்குப் புது லைட்ஹவுஸ் மின்னுறதை எண்ணிப் பாத்துத்தான் போட்டைத் திருப்பினேன்னு. ஒவ்வொரு லைட்ஹவுஸும் ஒவ்வொரு கணக்குல மின்னும், அந்தக் கணக்குதான் அதோட பேரு. கடலூர் விளக்கையும் நம்ம விளக்கையும் நீங்க மாத்திக்கவே மாட்டீங்க.

கேள்வி: எட்டிஸ்டோனை நேர்ல பாக்க முடியுமா?

பாறைமேல ஏற விட மாட்டாங்க, படகுல பக்கத்துல போகலாம், அதுவும் கடல் அடங்கியிருந்தா. பிளிமத் ஹோல இருக்குற ஸ்மீட்டன் கோபுரத்துக்குள்ள 93 படி, மேல கடைசில ஏணி, முழங்கால் வலி இருந்தா வேண்டாம். வானம் தெளிவா இருக்குற நாள்ல மேலேருந்து தெற்கப் பாத்தா அடிவானத்துல டக்ளஸ் கோபுரம் ஊசி மாதிரி தெரியும். பைனாகுலர் எடுத்துட்டுப் போனா பக்கத்துல அந்தக் கட்டையும் தெரியும், நீங்க நிக்கிற கோபுரத்தோட அடி அது.